பாத்துக்க மாப்ளே

பையைப் பாருங்க, நீங்க வெச்சது வெச்ச மாதிரியே இருக்குதுங்க. நீங்க எறங்கிப் போனதுல இருந்து இப்ப வரைக்கும் மேல வெச்ச கைய எடுக்கலீங்க. ஒரு அம்மா வந்து சீட்டு காலிங்களான்னு கேட்டுது. ஆளு இருக்குதும்மான்னு சொல்லித் தாட்டிவிட்டனுங்க. முன்னப் பின்ன தெரியாத ஆளுகிட்ட நம்பிப் பையக் குடுத்துட்டுப் போறதுன்னா சும்மாவுங்களா. அந்த நம்பிக்கைய நாம காப்பாத்தணுமுங்க.

உக்காருங்க. இனி டீக்குப் பழனியிலதான் நிறுத்துவான்.

ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? எங்கூருல நான் பஸ் ஏறுனப்ப என் மொகத்தை ரெண்டு தடவை திரும்பிப் பாத்தீங்க. நானும் கவனிச்சுட்டேதான் வர்றேன். முன்ன எப்பவாச்சும் எங்கூரு நால்ரோட்டுல பாத்தீங்களா? பிளக்ஸுல? ரெண்டாவது வரிசையில கடைசி ஆளு, கோடு போட்ட சட்டை?

இல்லீங்களா? சும்மாதான் பாத்தீங்களா? அப்பச் செரிங்க.

இல்லீங்க, வேறொண்ணுமில்லை. அது நான்தான், ஆனா அது நான் இல்லீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மெதுவாச் சொல்றேன். முன்னாடி சீட்டுக்காரரு காது இந்தப் பக்கமேதான் இருக்குது.

எனக்கு நால்ரோட்டுல மளிகைக் கடைங்க. பட்டீஸ்வரன் ஸ்டோர்னு போர்டு இருக்கும். பட்டீஸ்வரன் நான்தான். எனக்கு அரசியல் கெடையாதுங்க, அதை மொதல்லயே சொல்லிர்றேன். மளிகைக் கடைக்காரனுக்கு எதுக்குங்க கருத்து? கடைக்கு வர்றவங்க பேசுவாங்க. பருப்பு நிறுத்து முடிக்கறதுக்குள்ள நாட்டையே நிறுத்து முடிச்சுருவாங்க. வடக்க இருந்து வர்ற பசங்களால நம்ம பசங்க பொழப்புப் போச்சும்பாரு ஒருத்தரு. ஆமாங்கன்னு தலையாட்டுவனுங்க. அந்தப் பசங்க இல்லீன்னா மில்லும் ஓடாது, தோப்புல தேங்கா பொறுக்கவும் ஆளில்லைம்பாரு அடுத்தவரு. அதுக்கும் ஆமாங்கதான். எட ஒதுக்கீடு வேணும்னா வேணுமுங்க, போதும்னாப் போதுமுங்க. சாதிக் கணக்கு எடுக்கணும்னா, எடுத்தாத்தானே தெரியும்பேன். எடுத்தா ஊரு ரெண்டாயிரும்னா, ஆமாங்க, அதுவும் ஒரு வெசனந்தான்பேன். பொய் இல்லீங்க. கேக்கறப்ப ரெண்டும் சரியாத்தான் இருக்குது. ஓட்டு யாருக்குப் போட்டேன்னு பொண்டாட்டிக்குக் கூடச் சொன்னதில்லீங்க. துளசிமணி கேக்கவும் மாட்டா. "நீங்க எங்க போட்டிருக்கப் போறீங்க, ஒவ்வொரு பட்டனுக்கும் தலையாட்டிட்டு வந்திருப்பீங்க"ம்பா.

அவளுக்கு என்னங்க தெரியும். அவ பாக்கலை. நான் பாத்தவனுங்க. மீசை மொளைக்கற வயசுல கோயமுத்தூருல சித்தப்பா கடையில இருந்தேன். அந்தக் கலவர வருசம். எதுத்தாப்புல ஒரு செருப்புக் கடை எரிஞ்சுது. யாரு கடை, யாரு எரிச்சாங்க, அதெல்லாம் வேண்டாமுங்க. தோலு எரியற வாசம் இருக்குதே, இன்னும் மூக்கை விட்டுப் போகலை. சித்தப்பா ஷட்டரை உள்ளுக்குள்ள இருந்து எறக்கி, என்னை மொளகா மூட்டைக்குப் பின்னால உக்கார வெச்சு, வாயத் தொறந்தா கொன்னுருவேன்னாரு. எங்க கடை தப்பிச்சுது. ஷட்டரு எறங்கியிருந்தாக் கடை தப்பிக்கும், வாயி மூடியிருந்தா ஆளு தப்பிப்பான். அன்னைக்குப் படிச்ச பாடமுங்க. வேற படிப்பு நான் படிக்கலை.

இப்ப ராவுத்தரு கதைக்கு வர்றேன். என் கடைக்கு ஒட்டுன கடை மெத்தைக் கடைங்க. கனி ராவுத்தரு. இலவம்பஞ்சு மெத்தை, தலகாணி. என்னை விடப் பெரியவரு. எங்க பக்கமெல்லாம் நாங்க மாமா மாப்ளேன்னு கூப்பிட்டுக்கறதுதானுங்க. எங்கப்பன் அவுரு அப்பனை மச்சான்னு கூப்பிட்டாரு, நான் இவரை மாமாம்பேன். அவுரு என்னை வாடா போடா மாப்ளேம்பாரு. எங்க வீட்டு வெசேசத்துக்கு மொதப் பந்தியில உக்காந்துட்டு, எங்கடா உங்க மாமனுக்கு எலை போடலைன்னு சத்தம் போடுவாரு. அப்படி ஒரு பழக்கமுங்க.

வெள்ளிக்கெழமை மத்தியானம் தொழுகைக்குப் போவாரில்லீங்களா, கடையைச் சாத்த மாட்டாரு. வாசலுக்குக் குறுக்கால ஒரு ஸ்டூலைப் போட்டுட்டு, "பாத்துக்க மாப்ளே"ன்னுட்டுப் போயிருவாரு. நான் என் கல்லாவுல இருந்தே பாத்துக்குவேன். நான் சோத்துக்குப் போறப்ப என் கடையை அவுரு பாத்துக்குவாரு. இத்தனை வருசமா இப்படித்தான்.

பொறவுதானுங்க அந்தச் சட்டம் வந்துச்சு. பேரு வேண்டாமுங்க. எந்தக் காகிதம் இருந்தா இந்த நாட்டுக்காரன், எது இல்லீன்னா இல்லைன்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டாங்களே, அந்தச் சட்டம். பேப்பருல படிச்சேன், புரிஞ்ச மாதிரியும் இருந்துச்சு, புரியாத மாதிரியும் இருந்துச்சு. ஆனா கடை வாசல்ல தெனமும் சண்டைங்க. நந்தகோபால்னு ஒரு பையன், எடம் வாங்கி விக்கற புரோக்கரு, நல்ல வாட்டசாட்டமா இருப்பான், எங்கிட்டத்தான் மாசச் சாமான் வாங்குவான். அவன் அந்தச் சட்டத்துக்கு ஆதரவு. ராவுத்தரு எதுப்பு. "எங்கப்பன் பொறந்தது இந்த ஆத்தங்கரையிலடா, அந்த ஆத்தைக் கொண்டுபோய்க் காட்டட்டுமா?"ம்பாரு. நந்தகோபால், "மாமா, உங்களை யாரு கேக்கப் போறா, வெளிய இருந்து வந்தவனைத்தான் கேப்பாங்க"ம்பான். "அதை எழுதிக் குடு"ம்பாரு. ரெண்டு பேரும் கத்துவாங்க. ராவுத்தரு "நீ சொல்றா மாப்ளே"ன்னா, தலையாட்டுவேன். நந்தகோபால் "நீங்க சொல்லுங்கண்ணா"ன்னா, அவனுக்கும் ஆட்டுவேன். என்ன பண்றது சொல்லுங்க. ஒருத்தரு பக்கத்துக் கடை, ஒருத்தன் வாடிக்கை.

ஒரு நாளு சக்கரை கட்டிட்டு இருக்கறப்ப நந்தகோபால் என்னமோ கேட்டான். அண்ணா, நம்ம ஊர்வலத்துக்குப் பேரு போட்டுக்கறேன், சரிங்களான்னு கேட்டானாம். நான் தலையாட்டுனனாம். எனக்கு ஞாபகமே இல்லீங்க.

ரெண்டு நாளு கழிச்சுக் காலையில கடைக்கு வர்றேன், நால்ரோட்டுல பிளக்ஸு நிக்குது. சட்டத்தை ஆதரிச்சு மாபெரும் ஊர்வலம், வெள்ளிக்கெழமை, அனைவரும் வாரீர். கீழ வரிசை வரிசையா மொகம். எல்லாரும் கும்பிட்டுச் சிரிச்சுட்டு நிக்கறாங்க. ரெண்டாவது வரிசைக் கடைசியில நான். அந்தப் போட்டோ எங்கிருந்து எடுத்தான் தெரியுங்களா? எங்கண்ணன் செத்தப்பக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸு அடிச்சோம், அதே கடை. அன்னைக்கு அழுத மொகத்தோட புடிச்ச போட்டோ. அதை அப்படியே வெட்டி இதுல ஒட்டிட்டான். அத்தனை பேரு சிரிக்கறப்ப நான் ஒருத்தன் மட்டும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறேன்.

நந்தகோபாலைத் தனியாக் கூட்டிட்டுப் போய், எடுத்துரு சாமின்னு கெஞ்சுனேன். "நீங்கதானண்ணா சரின்னீங்க"ன்னான். அவன் மொகம் சுண்டிப் போச்சு. உடனே எனக்குப் பயம். நாளைக்கு இவன் போய், பட்டீசண்ணன் நம்ம பக்கம் இல்லைன்னு நாலு பேருகிட்டச் சொன்னா என்ன ஆவறது? இல்லை இல்லை, போட்டோ நல்லால்லை, அதான் சொன்னேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நானே கிழிக்கலாம்னு பாத்தா, பிளக்ஸைக் கிழிச்சவன்னு அது வேற கேசாயிருமுங்க. இருந்தாலும் ஆபத்து, கிழிச்சாலும் ஆபத்து. யாருகிட்டப் போய்ச் சொல்றது?

ராவுத்தரு பாத்தாரு. பாக்காம இருப்பாருங்களா, அவுரு கடைக்கு நேரா நிக்குது. நான் கல்லாவுல குனிஞ்சுட்டு உக்காந்திருக்கேன். சிரிக்கறாருங்க. "என்னடா மாப்ளே, கல்யாணத்துக்கு வந்தவங்க நடுவுல கருமாதி மொகத்தோட நிக்கற?"ன்னாரு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கலை. நான் சொல்லிப் போட்டதில்லை மாமான்னு வாயி வரைக்கும் வந்துச்சுங்க. அந்த நேரம் பாத்து நந்தகோபால் கூட்டாளி ஒருத்தன் தீப்பெட்டி வாங்க நிக்கறான். அப்படியே முழுங்கிட்டு இளிச்சேன். அன்னைக்குப் பூராவும் எனக்கு அதே ரோசனைங்க. எதுக்குச் சிரிச்சாரு? கோவத்தை அடக்கிட்டுச் சிரிச்சாரா? பள்ளிவாசல்ல போய் என்ன சொல்லுவாரு? சோறு எறங்கலை. தூக்கத்துல அந்தத் தோலு வாசம் வருது.

சிரிக்காதீங்க, ஒரு காரியம் பண்ணுனேன். மீசையை எடுத்துட்டனுங்க. பிளக்ஸுல மீசை இருக்குது, எனக்கு இல்லீன்னா வேற ஆளுன்னு நெனைப்பாங்களில்ல. கடைக்கு வந்தா, வர்றவங்க எல்லாம் துக்கம் கேக்கறாங்க. யாரு தவறுனாங்க, எப்ப எடுத்தீங்க, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு. தூரத்து ஒறம்பரைன்னு சொல்லிச் சமாளிச்சேன். துளசிமணி மட்டும் என் மொகத்தையே பாத்துட்டு நின்னா. "பக்கத்துக் கடையில இருக்கற மனுசன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுக்கு மீசையை எடுத்துட்டு வந்து நிக்கறீங்க"ன்னா. பொம்பளைகளுக்கு உலகம் தெரியாதுங்க.

அந்த வெள்ளிக்கெழமையும் வந்துச்சு. காலையில இருந்தே வேனு வேனா ஆளு. பாதிப் பேரு எங்கூருக்காரங்களே இல்லீங்க, எங்கிருந்து வந்தாங்கன்னே தெரியலை. நந்தகோபால் வந்து, ரெண்டு எட்டு நடந்துட்டு வந்துருங்கண்ணான்னான். முட்டி வலின்னு சொன்னேன். மத்தியானம் ராவுத்தரு தொப்பியை எடுத்துப் போட்டுட்டு வெளிய வந்தாரு. ஸ்டூலைக் கையில புடிச்சுட்டு, ரோட்டைப் பாக்கறாரு, என்னையப் பாக்கறாரு.

"இன்னைக்கு ஷட்டரைப் போட்டுட்டுப் போகட்டுமாடா?"ன்னாரு. அவுரே கேட்டு, அவுரே பதில் சொல்றாரு. "வேண்டாம். போட்டா, பயந்துட்டோம்னு ஆயிரும். நீ இருக்கறயில்ல, பாத்துக்க மாப்ளே."

நான் தலையாட்டுனனுங்க.

அவுரு தெரு திரும்பியிருக்க மாட்டாரு, தாரை தப்பட்டைச் சத்தம் கேட்டுச்சு. சத்தம் கிட்ட வருது. கோசம் போடறாங்க, என்னன்னு காதுல ஏறலை. கையி தானாப் போச்சுங்க. ஷட்டரை உள்ள இருந்து எறக்கிட்டேன். எறக்கி, லைட்டை அணைச்சு, மொளகா மூட்டைக்குப் பின்னால போய் உக்காந்துட்டேன். நாப்பது வயசு ஆளு. அந்த எடத்துலதான் மூச்சு வந்துச்சு.

மொதல்ல ஸ்டூலு உருள்ற சத்தம். பொறவு சிரிப்பு. பொறவு துணி கிழியற சத்தமுங்க, நீளமா, ஒண்ணு மாத்தி ஒண்ணு. பொறவு என் ஷட்டரை யாரோ தட்டறாங்க. படபடன்னு தட்டறாங்க. "பட்டீசண்ணா, தொறங்கண்ணா, பட்டீசண்ணா." நந்தகோபால் குரலு. நான் என்ன நெனச்சேன்னா, ஊர்வலத்துக்குக் கூப்பிடறான்னு நெனச்சனுங்க. குரலு அழுவற மாதிரி இருந்துச்சு. ஊர்வலத்துக்கு எவனும் அழுதுட்டுக் கூப்பிட மாட்டான், அதெல்லாம் அந்த நேரத்துல தோணுங்களா? நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன்.

கண்ணைத் தொறந்து பாத்தா, ஷட்டருக்கு அடியில சந்து இருக்குமில்லீங்களா, அந்த வழியாப் பஞ்சு உள்ள வருதுங்க. இலவம்பஞ்சு. அதுக்குச் சத்தமே இல்லை. இருட்டுக்குள்ள வெள்ளை வெள்ளையா வந்து, அரிசி மூட்டை மேல, மொளகா மேல, என் மேல உக்காருது. ஊதி ஊதித் தள்ளறேன், திரும்பத் திரும்ப வருது. அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. நெருப்பு கூட அவ்வளவு பயம் காட்டலை.

அடங்குனதுக்கப்பறம் ரோசனை பண்ணுனேன். இப்ப ஷட்டரைத் தூக்கிட்டு வெளிய வந்தா, உள்ள இருந்துட்டுப் பேசாம இருந்தான்னு ஆயிருமில்லீங்களா? ரெண்டு கடைக்கும் பின்னால ஒரு நடை இருக்குது. அது வழியாப் போய், சந்துக்குள்ள சுத்திட்டு, சோறு தின்னுட்டு வர்ற மாதிரி முன்பக்கமா வந்தேன். ஒரு ஏப்பம் கூட விட்டுட்டு வந்தனுங்க.

ராவுத்தரு வந்துட்டாரு. நடு ரோட்டுல மெத்தையெல்லாம் வயிறு கிழிஞ்சு கெடக்குது. ரோடு பூரா வெள்ளை. கடைப் படியில நந்தகோபால் உக்காந்திருக்கான், கையில ரத்தம். வெளியூருப் பசங்க கடைக்குள்ள பூந்தப்ப இவன் குறுக்கால நின்னிருக்கான். அவன் கூட்டிட்டு வந்த கூட்டத்தையே அவன் ஒருத்தனா மறிச்சிருக்கான். எதையோ வெச்சுக் கீறி விட்டுட்டாங்க. ராவுத்தரு அவுரு தோள்ல கெடந்த துண்டைக் கிழிச்சு அவன் கைக்குக் கட்டிட்டு இருக்காரு. அவன் அழுதுட்டு இருக்கான்.

நான் போய் நிக்கறேன். ராவுத்தரு நிமிந்து பாத்தாரு. கோவமில்லீங்க. சத்தியமாக் கோவமில்லை. கெஞ்சற மாதிரி இருந்துச்சு மொகம்.

"சோத்துக்குப் போயிருந்தயாடா மாப்ளே?"ன்னாரு.

ஆமான்னு தலையாட்டுனேன்.

அவுரு எந்திரிச்சுக் கிட்ட வந்தாரு. என் தலையில ஒட்டியிருந்த பஞ்சை ஒண்ணு எடுத்தாரு, காது மேல ஒண்ணு, சட்டைக் காலருக்குள்ள ஒண்ணு. பொறுமையா, கொழந்தைக்கு எடுக்கற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்தாரு. எடுத்துட்டுச் சொன்னாரு, "சரிங்க."

ரோடெல்லாம் பஞ்சு பறந்துட்டுத்தானுங்களே இருந்துச்சு. எங்க ஒட்டுச்சுன்னு யாரு கண்டா? அப்பறம் துளசிமணி சொல்லித்தான் தெரியும், நான் ஷட்டரை எறக்கறதை நந்தகோபால் ஊர்வலத்துல வர்றப்பவே பாத்துட்டானாம். அதான் வந்து தட்டியிருக்கான். பாத்தவன், நீங்க உள்ளதானண்ணா இருந்தீங்கன்னு அங்கயே ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. அந்த ஆத்தாமைதான் எனக்கு.

போலீசு வந்துச்சு, எழுதிட்டுப் போச்சு. பிளக்ஸை அவங்களே எடுத்துட்டாங்க. இப்ப ராவுத்தரு மறுபடியும் கடை போட்டுட்டாரு. இப்பவும் நந்தகோபால் தெனமும் வர்றான். அந்தச் சட்டத்தைப் பத்தி ரெண்டு பேரும் முன்ன விட மோசமாக் கத்தறாங்க. கத்திட்டு, ஒரே டீயை ரெண்டா ஆத்திக் குடிக்கறாங்க. எங்கிட்ட மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. நீ சொல்றா மாப்ளேன்னு ஒரு வார்த்தை இல்லை. யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்லை, யாரு பக்கமும் நின்னதில்லை, என்னைப் போய் ஒதுக்கறாங்க. கருத்தில்லாத மனுசனுக்கு இந்த நாட்டுல எடமில்லீங்க, அதுதான் இன்னைக்கு நெலவரம்.

வெள்ளிக்கெழமையானா ராவுத்தரு ஷட்டரை எறக்கிப் பூட்டு போட்டுட்டுப் போறாரு. இழுத்துப் பாத்துட்டுப் போறாரு. நான் கல்லாவுலதான் இருக்கேன், கண்ணெதுக்கத்தான் இருக்கேன். ஸ்டூலு உள்ள போயிருச்சு. என்னைப் பாத்தா "வாங்க பட்டீஸ்வரன் சார்"ங்கறாரு. மரியாதையாத்தானே கூப்பிடறாரு, முன்ன வாடா போடான்னவரு இப்ப சார்ங்கறாரு, அதுல என்ன குறைன்னு துளசிமணிகிட்டக் கேட்டேன். அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

அதான் ஒட்டன்சத்திரத்துல மச்சான் ஒரு கடை காட்டறேன்னாரு, பாத்துட்டு வரலாம்னு கெளம்பிட்டேன். அங்க யாருக்கும் என் மொகம் தெரியாதுங்க. அக்கம் பக்கத்துல யாரு கடைன்னு மட்டும் மொதல்லயே விசாரிச்சுக்கணும். ராத்திரியில இன்னும் முழிப்பு வருதுங்க. யாரோ தட்டற மாதிரி இருக்குது. எந்திரிச்சுப் போய்த் தொறந்து பாக்கலாம்னு நெனைக்கறேன். கையி வர மாட்டேங்குது.

நான் சொன்னதை மனசுல வெச்சுக்குங்க, எங்கயும் சொல்லிறாதீங்க. நீங்க எந்தப் பக்கம்னு நான் கேக்கலை. நீங்க எந்தப் பக்கமா இருந்தாலும் எனக்குச் சம்மதந்தானுங்க.

ஓ, பழனி வந்துருச்சா. பத்து நிமிசம் நிப்பான். நீங்க நிதானமா எறங்கி டீ குடிச்சுட்டு வாங்க. நான் எறங்கலீங்க, இங்கயேதான் இருப்பேன். பை கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்.

இல்லீங்க, எதுக்குங்க தூக்கறீங்க? கனமா வேற இருக்குது. அப்பவும் நான்தானுங்களே பாத்துக்கிட்டேன். கைய எடுக்கலீங்களே. ஏனுங்க, வெச்சுட்டுப் போங்க. ஏனுங்க…